2021-இல் சிங்கப்பூரில் கொரோனா தடுப்பூசி போட்டுக்கொள்ள உங்களை இணங்க வைத்தது எது?

அப்போது நான் பல்கலைக்கழகத்தில் இரண்டாம் ஆண்டு. 12 முதல் 39 வயதுக் குடிமக்கள் ஜூன் 11 முதல் பதிந்துகொள்ளலாம் என்று அறிவித்தார்கள். என் கூட்டாளிகளில் யாரும் ஊசியே வேண்டாம் என்று சொல்லவில்லை. "நமக்கு என்ன அவசரம்? வந்தாலும் ரெண்டு நாள் காய்ச்சல்" என்று இழுத்தடித்தார்கள், அவ்வளவுதான்.

பூப்பந்து ஆடும் நண்பன் ஒருவனுக்கு இதயத் தசை அழற்சி பற்றித்தான் பயம். அது அரிதாக வரலாம், இளம் ஆண்களுக்குச் சற்றுக் கூடுதலாக வரலாம் என்று அதிகாரிகளே வெளிப்படையாகச் சொன்னார்கள். ஊசிக்குப் பின் ஒரு வாரம் கடும் உடற்பயிற்சி வேண்டாம் என்றும் அறிவுறுத்தினார்கள். "மறைத்திருந்தால்தான் நம்பியிருக்க மாட்டேன்" என்றான். மட்டையை ஒரு வாரம் அலமாரியில் வைத்துவிட்டுப் போய்ப் போட்டுக்கொண்டான்.

என் வகுப்புத் தோழியின் வீட்டில் பிரச்சினையே வேறு. ஊரிலிருந்து வந்த வாட்ஸ்அப் செய்தி ஒன்று, ஊசி போட்டால் குழந்தை பிறக்காது என்றது. அவளுக்குப் பதினெட்டு தாண்டிவிட்டது, யார் சம்மதமும் தேவையில்லை. ஆனால் அம்மா அழும்போது எப்படிக் கிளம்புவது? கடைசியில் தாதியாக வேலை பார்க்கும் சித்திதான் வந்து உட்கார்ந்தார். "அக்கா, ஊசியில இருக்கிற எம்ஆர்என்ஏ, அதாவது செல்லுக்குக் குறிப்பு கொண்டுபோற மூலக்கூறு, நம்ம மரபணு இருக்கிற உட்கருவுக்குள்ளயே போகாது. கொஞ்ச நாள்ல உடம்பே அதைச் சிதைச்சிடும். நான் ஜனவரியிலேயே போட்டுட்டேன்" என்று பொறுமையாகத் தமிழில் சொன்னார். சுவரொட்டிகளால் முடியாததை அந்த அரைமணி நேரப் பேச்சு செய்தது.

ஆகஸ்ட் 10 முதல் உணவகத்தில் உட்கார்ந்து சாப்பிட முழுத் தடுப்பூசி வேண்டும் என்றானதும் மிச்சப் பேர் ஓடினார்கள். அதை விருப்பம் என்று என்னால் சொல்ல முடியவில்லை. கூடுதல் ஊசி வந்தபோது முணுமுணுத்தவர்களும் அவர்களேதான்.

தடுப்பூசி நிலையத்தில் இருந்தவர்கள் யாராவது எழுதுங்களேன். மாணவர்கள் உங்களிடம் அதிகம் கேட்டது என்ன?

திருச்சிக்காரன்: நான் மாணவர் அனுமதியில் இருந்தவன். எங்களுக்கு ஜூலை 2-இல்தான் வழி திறந்தது. இரண்டாம் அலையில் ஊரில் ஆக்சிஜனுக்கு அலைந்ததைத் தொலைபேசியில் கேட்டுக்கொண்டிருந்த எங்கள் அறையில் யாருக்கும் தயக்கமே வரவில்லை. காத்திருப்பதுதான் கஷ்டமாக இருந்தது.

தொண்டூழியர்: சமூக மன்றத்தில் உதவினேன். ஊசிக்குப் பிறகு அரைமணி நேரம் உட்கார வைப்போம், அப்போதுதான் கேள்விகள் வரும். "நாளைக்கு இன்டர்ன்ஷிப் இருக்கு, காய்ச்சல் வருமா?" என்பதுதான் அதிகம். வரலாம், இரண்டாவது ஊசிக்கு இன்னும் வாய்ப்புண்டு, வெள்ளிக்கிழமைக்குத் தேதி கிடைக்குமா பாருங்கள் என்போம். தேதியை மாற்றிக்கொண்டாவது வந்துவிடுவார்கள்.