சப்ஸ்ட்ரேட்: தளப்பொருளா, நொதிபடுபொருளா?

அன்புள்ள குழும நண்பர்களுக்கு,

வணக்கம். உயிர்வேதியியல் சொற்பட்டியலில் 'சப்ஸ்ட்ரேட்' (நொதி பிடித்து மாற்றும் பொருள்) மட்டும் இன்னும் முடிவாகாமல் நிற்கிறது. என்சைமுக்கு நொதி, கேடலிஸ்ட்டுக்கு வினையூக்கி என்பதையெல்லாம் சண்டையில்லாமல் ஏற்றுக்கொண்டோம். இதற்கு மட்டும் மடல் மேல் மடல். என் பங்குக்கு நானும் ஒன்று போடுகிறேன். கொஞ்சம் நீளம், பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் ஒன்றைக் கழித்துவிடலாம். இணைய மொழிபெயர்ப்பான்கள் தரும் 'அடி மூலக்கூறு' நம் பட்டியலுக்குள் வரவே கூடாது. காளான் வளர்க்கும் வைக்கோலையும் அப்படியே 'அடி மூலக்கூறு' என்று எழுதிய கட்டுரைகளை நீங்களும் பார்த்திருப்பீர்கள். வைக்கோல் எப்போது மூலக்கூறு ஆனது? இதற்கு மேல் அதைப் பற்றிப் பேச ஒன்றுமில்லை.

> பள்ளிப் பாடநூலில் 'தளப்பொருள்' இருக்கிறது. பிள்ளைகள் அதைத்தான் படிக்கிறார்கள். புதிதாக எதற்கு?

ஐயா, புழங்கும் சொல்லைக் காரணமில்லாமல் மாற்றக் கூடாது என்பதில் எனக்கும் உடன்பாடுதான். ஆனால் இங்கே காரணம் இருக்கிறது. சேலத்தில் பிளஸ் ஒன் பிள்ளைகளுக்கு நொதிப் பாடம் நடத்த மரவள்ளியைவிட நல்ல உதாரணம் கிடையாது. சேகோ (ஜவ்வரிசி) ஆலையும், மாவெடுத்தபின் மிஞ்சும் திப்பி காயும் களமும் தெரியாத பிள்ளை இந்தப் பக்கம் குறைவு. ஆடு மாடு மரவள்ளித் தழையை மேய்ந்துவிடக் கூடாது என்பதும் வீட்டிலேயே கேட்டு வளர்ந்ததுதான். அதன் வேதியியல் இதுதான்: லினமரின் என்ற சேர்மம் மரவள்ளிச் செல்லுக்குள் உள்ள வாக்குவோல் என்ற பையில் இருக்கிறது. அதை உடைக்கும் லினமரேஸ் என்ற நொதி செல்சுவரில் இருக்கிறது. கிழங்கு முழுதாக இருக்கும்வரை இரண்டும் சந்திப்பதில்லை. சீவினாலோ அரைத்தாலோ மாடு மென்றாலோ செல் உடைந்து இரண்டும் கலக்கின்றன. லினமரினிலிருந்து குளுக்கோஸ் பிரிகிறது, மீதி அசிட்டோன் சயனோஹைட்ரின் ஆகிறது, அது மேலும் உடைந்து ஹைட்ரஜன் சயனைடு என்ற நஞ்சு வெளிவருகிறது.

இப்போது கேளுங்கள்: இதில் தளப்பொருள் எது? பாடநூல்படி லினமரின். ஆனால் சொல்லை மட்டும் கையில் வைத்துக்கொண்டு பார்க்கும் பிள்ளை லினமரேஸைத்தான் காட்டும். செல்சுவரில் ஓரிடமாக உட்கார்ந்திருப்பது அதுதானே? வந்து மாட்டுவது லினமரின். போதாக்குறைக்கு நொதியின் மேல் வினை நடக்கும் இடத்தைச் செயல்தளம் என்றும் சிலர் எழுதுகிறார்கள். செயல்தளம் நொதியில் இருக்கிறது, தளப்பொருளோ நொதி அல்ல. இந்தக் குழப்பத்தைப் பிள்ளைகள் தலையில் நாம் ஏன் ஏற்ற வேண்டும்?

> தளப்பொருள் என்றால் 'தளமாக இருக்கும் பொருள்' என்று ஏன் விரிக்க வேண்டும்? 'தளத்துக்கு வந்து சேரும் பொருள்' என்று விரித்தால் சரியாகிவிடுகிறதே!

இது சாமர்த்தியமான விரிப்பு. கொஞ்ச நேரம் எனக்கும் பிடித்திருந்தது. ஆனால் மலோனேட்டிடம் இது மாட்டிக்கொள்கிறது. சக்சினேட் டிஹைட்ரஜனேஸ் என்ற நொதி, சக்சினேட்டிலிருந்து இரண்டு ஹைட்ரஜனைக் கழற்றி ஃபியூமரேட் ஆக்குகிறது. மலோனேட் சக்சினேட்டைப் போலவே தோற்றம் கொண்டது, ஒரே ஒரு கார்பன் குறைவு. அதுவும் அதே செயல்தளத்துக்கு வந்து சேர்கிறது, கச்சிதமாக உட்கார்கிறது, ஆனால் மாறுவதில்லை. இடத்தை அடைத்துக்கொண்டு சக்சினேட்டை உள்ளே விடாமல் தடுக்கிறது. இதைத்தான் போட்டித் தடுப்பான் என்கிறோம். 'தளத்துக்கு வரும் பொருள்' என்றால் மலோனேட்டும் தளப்பொருள் ஆகிவிடும். போட்டித் தடுப்பானுக்கும் சப்ஸ்ட்ரேட்டுக்கும் உள்ள வித்தியாசமே உட்கார்வதில் இல்லை, உட்கார்ந்தபின் மாற்றத்துக்கு ஆளாவதில் இருக்கிறது. நொதி பூட்டு, சப்ஸ்ட்ரேட் சாவி என்று 1894-ல் வேதியியலாளர் எமில் ஃபிஷர் சொன்ன உவமையிலும் இந்தக் குறை உண்டு. பூட்டைத் திறந்த சாவி அப்படியே வெளியே வரும், உடைந்து வராது.

ஆக, சொல்லில் தெரியவேண்டியது இடம் அல்ல. யார் செய்கிறார், யார் அதற்கு ஆளாகிறார் என்பதுதான். இதற்குத் தமிழில் ஆயத்தமாக ஓர் அச்சு இருக்கிறது. இலக்கணத்தில் செயப்படுபொருள் என்கிறோம். வேதியியலில் வினைபடுபொருள், வினைவிளைபொருள் என்று பிள்ளைகள் ஒன்பதாம் பத்தாம் வகுப்பிலேயே படித்துவிடுகிறார்கள். அந்த வரிசையிலேயே 'நொதிபடுபொருள்' என்று வைக்கலாம் என்பது என் முன்மொழிவு. முதல் தடவை முழுதாக எழுதிவிட்டு, அப்புறம் 'படுபொருள்' என்றே சுருக்கலாம். படுபொருள் செறிவு, நொதி-படுபொருள் இணைவு என்றெல்லாம் தடங்கலில்லாமல் வருகிறது.

> வினைபடுபொருள் என்றே விட்டுவிடலாமே. எல்லா சப்ஸ்ட்ரேட்டும் வினைபடுபொருள்தானே?

ஆமாம், ஆனால் எல்லா வினைபடுபொருளும் சப்ஸ்ட்ரேட் அல்ல. மரவள்ளி மாவை நீர்த்த அமிலத்தோடு சேர்த்துக் கொதிக்கவைத்தால் மாவுச்சத்து உடைந்து சர்க்கரைப்பாகு ஆகிறது. நொதியே இல்லை. அங்கே மாவுச்சத்து வெறும் வினைபடுபொருள். அதே மாவுச்சத்தை வாயில் போட்டு மென்றால் உமிழ்நீரின் அமைலேஸ் அதை மால்டோஸ் வரை உடைக்கிறது. அங்கே அது நொதிபடுபொருள். பொருள் ஒன்றுதான், யாரிடம் படுகிறது என்பது வேறு. இரண்டுக்கும் ஒரே சொல்லை வைத்தால் இந்த வித்தியாசம் வகுப்பில் காணாமல் போகும்.

> நொதிபடு என்றதும் எனக்கு நொதித்தல்தான் நினைவுக்கு வருகிறது. எங்கள் ஏற்காட்டில் காபிக்கொட்டையைத் தொட்டியில் போட்டு நொதிக்கவைப்போம். அப்போது காபிக்கொட்டை நொதிபடுபொருளா?

அம்மா, நீங்கள் கேட்டதுதான் இந்த இழையிலேயே நல்ல கேள்வி. நொதி, நொதித்தல் இரண்டும் ஒரே வேரிலிருந்து வருவதால் இந்த மயக்கம் வரத்தான் செய்யும். ஐரோப்பியர்களுக்கும் வந்தது. 1870-களில் ஜெர்மானியர் கூனே 'என்சைம்' என்ற பெயரை வைத்ததே, கிரேக்கத்தில் ஈஸ்ட்டைக் குறிக்கும் சொல்லிலிருந்துதான். ஆனால் உங்கள் தொட்டியையே எடுத்துக்கொள்வோம். பழத்தின் தோலை எடுத்தபின் கொட்டையின் மேல் வழவழவென்று ஒட்டியிருப்பதில் பெக்டின் இருக்கிறது. தொட்டியில் பெருகும் நுண்ணுயிரிகளின் நொதிகளும் பழத்திலேயே உள்ள நொதிகளும் அந்தப் பெக்டினை உடைக்கின்றன. வழவழப்பு கழன்றதும் கழுவிக் காயவைக்கிறீர்கள். இந்தப் பெக்டின்தான் நொதிபடுபொருள், கொட்டை இல்லை. 'கொட்டையை நொதிக்கவைக்கிறோம்' என்று தோட்டத்தில் சொல்லலாம், தப்பில்லை. பாடத்தில் 'படுபொருள் எது?' என்று கேட்டால், உண்மையில் மாறும் மூலக்கூறு எது என்று தேட வேண்டியிருக்கிறது. மயக்கம் தரும் என்று நீங்கள் சொன்ன இடத்தில்தான் சொல் வேலை செய்கிறது என்று எனக்குப் படுகிறது.

சப்ஸ்ட்ரேட்டின் மற்ற பொருள்களை இதில் இழுக்க வேண்டாம். ஏற்காட்டுத் தேசிய ஆர்க்கிட் பூங்காவில் செடிகள் பற்றி வளரும் மரப்பட்டையும் கரித்துண்டும்கூட ஆங்கிலத்தில் சப்ஸ்ட்ரேட்தான். அதற்குப் 'பற்றுதளம்' என்று வைக்கலாம். காளானுக்கான வைக்கோலை 'வளர்தளம்' எனலாம். அங்கே தளம் என்ற சொல் பொருந்துகிறது, சரியான இடத்துக்கே போய்ச் சேர்கிறது. ஒரு ஆங்கிலச் சொல்லுக்கு ஒரே தமிழ்ச்சொல் என்ற பிடிவாதம் எதற்கு என்று எனக்குப் புரிந்ததே இல்லை.

இன்னொன்று. மக்னீசியத்தைப் பற்றி ஒருவர் கேட்டிருந்தார். (மேக்னசைட் வெட்டும் ஊரில் இருந்துகொண்டு அதைப் பேசாமல் இருந்தால் எப்படி!) செல்லுக்கு ஆற்றல் தரும் ஏடிபி (ATP) பெரும்பாலும் மக்னீசிய அயனியோடு சேர்ந்துதான் நொதிக்குள் போகிறது. ஆனால் வினை முடிந்தபிறகும் மக்னீசியம் மக்னீசியமாகவே இருக்கிறது, ஏடிபிதான் பெரும்பாலும் ஒரு பாஸ்பேட்டை இழந்து வேறு மூலக்கூறாக (ADP) மாறுகிறது. எனவே ஏடிபி படுபொருள், மக்னீசியம் துணைக்காரணி, அதாவது நொதிவினைக்கு உதவும் பொருள்.

எனக்கு உள்ளபடியே சந்தேகம் இருப்பது சந்தியில். நொதிபடுபொருளா, நொதிப்படுபொருளா? மூன்றாம் வேற்றுமையில் உருபும் பயனும் சேர்ந்து தொக்கால் ஒற்று மிகும் என்கிறது இலக்கணம், ஆனால் நொதியால் படுவது என்று விரித்தால் தொக்கிருப்பது உருபு மட்டும்தான் என்று தோன்றுகிறது. வினைபடுபொருளில் மிகாமலேதான் பாடநூல் அச்சிடுகிறது. வாய்க்கும் ஒற்று இல்லாததுதான் எளிதாக வருகிறது. புலவர்கள் யாராவது இந்த வாரத்துக்குள் சொன்னால் பட்டியலில் ஏற்றிவிடுவேன். அதுவரை பக்கத்தில் 'தளப்பொருள்' என்பதையும் அடைப்புக்குள் போட்டு வைக்கிறேன், பாடநூல் பார்த்து வருகிறவர்கள் தேடினால் கிடைக்க வேண்டுமே.

அன்புடன்,
சேலத்திலிருந்து