தம்பிக்க ஜே-1 ஜூன்ல முடியுது, ஆவணில கல்யாணம், ஸ்டேட்டஸ் மாத்த முடியுமா?

தக்கலைக்காரி

வணக்கம். என் தம்பி அமெரிக்கால ஒரு யூனிவர்சிட்டில போஸ்ட்டாக், அதாவது பிஎச்டி முடிச்ச பெறவு செய்யுற ஆராய்ச்சி வேலை. 2022 ஜூலைல ஜே-1ல, அதாவது படிப்பு, ஆராய்ச்சின்னு கொஞ்ச காலம் போறவங்க விசால, போனான், ரிசர்ச் ஸ்காலர் கேட்டகிரி. அவனுக்க டிஎஸ்-2019, அந்த விசாவுக்கு யூனிவர்சிட்டி கொடுக்குற பேப்பர், இந்த ஜூன் 30 ஓட முடியுது, புரொபசர் எச்-1பின்னு வேலை விசா போட்டுத் தாறேன்னு சொல்லியிருக்காராம். இங்க அம்மா ஆவணில தேதி குறிச்சு திங்கள்சந்தை பக்கம் மண்டபத்துக்கு 25,000 அட்வான்ஸும் கொடுத்தாச்சு. இப்பதான் விசா ஸ்டிக்கரை போட்டோ எடுத்து அனுப்புனான், கீழ பொடி எழுத்துல டூ இயர் ரூல் டஸ் அப்ளை, ரெண்டு வருஷ ரூல் உண்டுன்னு கெடக்கு. நாகர்கோவில்ல ஒரு ஏஜென்ட்ட கேட்டா ரெண்டு வருஷம் ஊர்ல வந்து இருக்கணும் இல்லேன்னா வெய்வர், அதாவது அந்த ரூல்லேர்ந்து விலக்கு, வாங்கணும், 60,000 ஆகும்ங்காரு. பெரியப்பா மவன் ஒருத்தன் டூரிஸ்டா மாத்திட்டு ஆறு மாசம் ஓட்டச் சொல்லுதான். யாரு சொல்லுறத நம்ப?

கொளச்சல் அண்ணன்

தங்கச்சி, மொதல்ல அந்த ஏஜென்ட்டுக்கு ஒரு பைசா கொடுக்காத.

அந்த ரெண்டு வருஷ ரூலுக்கு 212(இ)ன்னு பேரு. அது மூணு காரணத்துல ஒண்ணால வரும். கவர்ன்மென்ட் காசுல போயிருக்கணும், இல்ல டாக்டருங்க ரெசிடென்சி டிரெய்னிங்குக்கு போயிருக்கணும், இல்ல எந்த நாட்டுக்கு எந்தப் படிப்பு தேவைன்னு அமெரிக்கா போடுற ஸ்கில்ஸ் லிஸ்ட்ல அவன் படிப்பு நம்ம நாட்டுக்கு நேரா இருக்கணும். நம்ம பிள்ளையள்ல முக்கால்வாசி பேரு மாட்டுனது இந்த மூணாவதுலதான். 2024 டிசம்பர் 9-ல புது லிஸ்ட் விட்டாங்க, அதுல இந்தியாவே இல்ல. அதுக்கு முன்ன போனவங்களுக்கும் அது பொருந்தும், அதனால 2022ல ஸ்டிக்கர்ல அடிச்சத மட்டும் பாத்து பயப்படாத.

ஆனா காசு எங்கேர்ந்து வந்துதுன்னு பாக்கணும். டிஎஸ்-2019ல அஞ்சாவது கட்டத்துல யாரு எவ்வளவு கொடுக்காங்கன்னு இருக்கும். யூனிவர்சிட்டி சம்பளம் மட்டும்னா பெரும்பாலும் பிரச்சனை இல்ல. ஃபுல்பிரைட் மாதிரி கவர்ன்மென்ட் ஸ்காலர்ஷிப்ல போனவனுக்கு லிஸ்ட் மாறுனாலும் ரூல் போகாது. அந்தக் கட்டத்த போட்டோ எடுத்து அனுப்பச் சொல்லு.

மார்த்தாண்டம்_மினி

அக்கா, வெய்வர் தேவையே இல்லாம போட்டுறாதீங்க, அதுல ஒரு கண்ணி உண்டு. வெய்வருக்கு ரெகமெண்டேஷன் வந்துட்டுன்னா அதுக்குப் பெறவு டிஎஸ்-2019ஐ நீட்ட முடியாது. உங்க தம்பி கேட்டகிரிக்கு மொத்தம் அஞ்சு வருஷம், அவனுக்கு நாலுதான் ஆச்சு. ஜூனுக்கு முன்ன புரொபசர் இன்னொரு வருஷம் நீட்டிக் கொடுத்தா மூச்சு விடலாமே, அத ஏன் யாரும் சொல்லல?

எங்க வீட்டுக்காரருக்கு லிஸ்ட் மாறதுக்கு முன்ன வெய்வர் எடுத்தோம். அமெரிக்கா பீஸ் 120 டாலர்தான், ஆனா இங்க ஸ்டேட் கவர்ன்மென்ட், டெல்லி மினிஸ்ட்ரி, மதுரை பாஸ்போர்ட் ஆபீஸ்னு மூணு எடத்துலயும் ஆட்சேபணை இல்லன்னு பேப்பர் வாங்கி, மாமனார் குழித்துறைல ரயில் ஏறி மதுரைக்கு மூணு தடவ போனாரு, ஒவ்வொரு தடவையும் ஒரு ஜெராக்ஸ் கொறஞ்சுதுன்னு திருப்பி விட்டாங்க. எட்டு மாசம் ஆச்சு.

இன்னொண்ணு, ரெண்டு வருஷம்னு ரெண்டு ரூல் உண்டு, அந்த ஏஜென்ட் ரெண்டையும் போட்டுக் கொழப்புதாருன்னு நெனைக்கேன். ரிசர்ச் ஸ்காலர் ப்ரோகிராம் முடிச்சவங்க 24 மாசத்துக்கு அதே கேட்டகிரில திரும்ப வர முடியாது, அவ்வளவுதான். அது ஊர்ல வந்து கெடக்கணும்னு சொல்லாது, எச்-1பிய தடுக்கவும் தடுக்காது.

வடசேரி சந்தை

டூரிஸ்ட் ஐடியாவும் நல்ல ஐடியாதானே, என் ஃபிரண்டு ஒருத்தன் அப்படித்தான் இருந்தான்

கொளச்சல் அண்ணன்

மக்கா, சம்பளத்துக்கு வேலை செய்யுற பையன டூரிஸ்டா மாத்துனா அன்னைக்கே வேலை நின்னு போகும். 212(இ) நெஜமாவே இருந்தா உள்ள இருந்து டூரிஸ்டாவும் மாற முடியாது. டிஎஸ்-2019 முடிஞ்ச பெறவு கெடைக்கிற 30 நாளும் மூட்ட கட்டத்தான், அதுல வேலை செய்யக் கூடாது.

தங்கச்சி, கல்யாணத்துக்கு வருவோம். யூனிவர்சிட்டி போடுற எச்-1பிக்கு கம்பெனிகளுக்கு நடக்குற மார்ச் லாட்டரி, அந்தக் குலுக்கல், கெடையாது, எப்பவும் போடலாம், சீக்கிரம் பாக்கதுக்கு பிரீமியம் பீஸ் கட்டுனா 15 வேலை நாள்ல பதில் வரும். ஆனா ஸ்டேட்டஸ், அதாவது அங்க இருக்குற விசா வகை, மாத்தக் கேட்டு அது பெண்டிங்ல இருக்கும்போது பையன் ஃபிளைட் ஏறுனா அந்த மாத்தல் கைவிட்டதா ஆயிரும். 2025 செப்டம்பர் 21-க்குப் பெறவு அமெரிக்காவுக்கு வெளிய இருக்கவங்களுக்கு புது எச்-1பி போட்டா 1,00,000 டாலர் கட்டணும்னு ஒரு உத்தரவு வேற இருக்கு. உள்ள இருந்தே மாத்தி அப்ரூவ் ஆனவனுக்கு அது கெடையாது. அதனால அப்ரூவல் கைல வந்த பெறவுதான் ஊருக்கு வரணும், வந்தா சென்னைல அமெரிக்க கான்சுலேட்ல எச்-1பி ஸ்டாம்பிங், அதாவது பாஸ்போர்ட்ல புது விசா, போட்டுட்டுத்தான் திரும்பணும், அப்பாயின்ட்மென்ட் தேதி கெடைக்காம பிள்ளையள் மாசக்கணக்குல மாட்டியிருக்காங்க. கல்யாணத்துக்கு பத்து நாள் லீவுன்னு நெனைச்சு வரக் கூடாது. எதுக்கும் யூனிவர்சிட்டி இன்டர்நேஷனல் ஆபீஸ்ல ஒரு வார்த்த கேக்கச் சொல்லு.

தக்கலைக்காரி

அண்ணே, மினி, ரொம்ப நன்றி. அஞ்சாவது கட்டம் அனுப்புனான், யூனிவர்சிட்டி பேரு மட்டும்தான் இருக்கு, கவர்ன்மென்ட் வரி காலியா கெடக்கு. நாளைக்கு புரொபசர்ட்ட ஒரு வருஷம் நீட்டவும் கேப்பான், எச்-1பி எப்ப போடணும்னும் ஆபீஸ்ல கேப்பான். ஏஜென்ட் மத்தியானத்துலேருந்து ரெண்டு தடவ கூப்பிட்டாரு, எடுக்கல.

அம்மாகிட்ட தை மாசத்துக்கு மாத்தலாமான்னு பைய கேட்டேன். மண்டபத்துக்காரன் அட்வான்ஸ் திருப்பித் தருவானாங்கதுதான் மொத கேள்வி. பொண்ணு வீட்டுக்காரங்க சாயந்திரம் வாறாங்க, அவங்ககிட்ட யாரு சொல்லதுன்னுதான் இப்ப வீட்ல சண்ட.