பிறவியிலேயே காது கேளாதவருக்கு இப்போது பார்வையும் சுருங்குகிறது: தொடர்புக் கருவிக்கு அரசு நிதி எந்த வழியில் கேட்பது?

கெடிலக்கரை டீச்சர்:
வணக்கம். பண்ருட்டிப் பக்கத்தில் 24 வயதுப் பெண் ஒருவருக்காகக் கேட்கிறேன். பிறவியிலேயே இரண்டு காதும் கேட்காது. சைகை மொழி நன்றாகத் தெரியும், தமிழ் வாசிப்பார். சில ஆண்டுகளாகப் பார்வை ஓரங்களில் இருந்து சுருங்கி வருகிறது, இருட்டினால் நடக்க முடிவதில்லை. கண் மருத்துவர் ரெட்டினைட்டிஸ் பிக்மென்டோசா என்ற விழித்திரை நோய் என்று எழுதி, காதையும் கண்ணையும் சேர்த்துப் பாதிக்கும் அஷர் சிண்ட்ரோமாக இருக்கலாம் என்கிறார். அம்மா முந்திரிக்கொட்டை உடைக்கும் வேலை செய்கிறார். வீட்டு வருமானம் மாதம் 12,000 ரூபாயைத் தாண்டாது.

கையில் இருப்பது செவித்திறன் குறைபாடு என்று மட்டும் போட்ட யு.டி.ஐ.டி. (மாற்றுத்திறனாளிகளுக்கான தேசிய அடையாள) அட்டை, 80%. முகாமுக்குப் போனால் காது மிஷின் கொடுத்து அனுப்பிவிடுகிறார்கள். அதில் அவருக்கு ஒரு பயனும் இல்லை. பிரெய்ல் டிஸ்ப்ளே (திரையில் உள்ள எழுத்தை விரலால் தொட்டுப் படிக்கும் புள்ளிகளாக எழுப்பும் கருவி), அதோடு சேரும் போன், அதிர்வு அலாரம் இவற்றுக்கு எந்தத் திட்டத்தில், எந்த வரிசையில் விண்ணப்பிப்பது? அமெரிக்காவில் காதும் கண்ணும் பாதித்த ஏழைகளுக்கென்றே தனி நிதி இருப்பதாகப் படித்தேன். இங்கே அப்படி உண்டா?

மஞ்சக்குப்பம்:
டீச்சர், கருவியைப் பற்றி யோசிப்பதற்கு முன் அட்டையை மாற்றுங்கள். செவித்திறன் என்று மட்டும் இருக்கும் வரை எந்த முகாமிலும் அவரைக் காது மிஷின் வரிசையில்தான் உட்கார வைப்பார்கள். உட்கார வைப்பவரைக் குறை சொல்லிப் பயனில்லை, அவர் அட்டையைப் பார்த்துத்தான் படிவம் நிரப்புகிறார். 2016 மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின் அட்டவணை, பல்வகைக் குறைபாடு என்ற தலைப்பின் கீழ் காது கேளாமையும் பார்வைக் குறைபாடும் சேர்ந்த நிலையைப் பெயர் சொல்லியே குறிப்பிடுகிறது. அட்டையில் வர வேண்டியது அந்த வகைதான்.

புது விண்ணப்பம் போடாதீர்கள். அதே ஆதார் ஏற்கெனவே பதிவாகியிருப்பதால் நின்றுவிடும். பழைய எண்ணிலேயே, குறைபாடு கூடியிருக்கிறது என்று மறுமதிப்பீடு கேளுங்கள்.

இந்த நோயில் பெரும்பாலும் தப்பு நடப்பது கண் பரிசோதனையில்தான். நடுப்பார்வை கடைசி வரை ஓரளவு இருக்கும். சுவரில் உள்ள எழுத்துப் பலகையை மட்டும் காட்டினால் 6/12, 6/18 என்று படித்துவிடுவார், பார்வைக் குறைபாடு இல்லை என்று எழுதிவிடுவார்கள். ஆனால் சட்டம் பார்வைப் பரப்பையும் கணக்கில் எடுக்கிறது: பரப்பு 40 டிகிரிக்குக் கீழே போனால் குறைபார்வை, 10 டிகிரிக்கும் கீழே போனால் பார்வையின்மை. அதனால் பெரிமெட்ரி என்ற பார்வைப் பரப்புச் சோதனையின் அச்சுத்தாள் இல்லாமல் மருத்துவக் குழுவுக்கு முன் போகவே கூடாது.

அந்தச் சோதனையிலும் ஒரு சிக்கல். நடுப்புள்ளியைப் பார்த்தபடியே இருந்து, ஒளி தெரியும்போது பொத்தானை அழுத்த வேண்டும். காது கேளாதவருக்கு இதை வாயால் சொன்னால் புரியாது. கண்ணை அங்கும் இங்கும் திருப்புவார், தாளில் நம்பகத்தன்மை குறைவு என்று விழுந்துவிடும். சோதனை அறை இருட்டாக இருக்கும், உள்ளே போனபின் சைகையும் தெரியாது. வெளிச்சத்திலேயே நீங்கள் சைகையில் விளக்கி, டார்ச்சை வைத்து ஒருமுறை பழக்கிவிட்டு உள்ளே அனுப்புங்கள்.

இரண்டு சதவீதத்தையும் அப்படியே கூட்ட மாட்டார்கள். பெரியது அ, சிறியது ஆ என்றால் கணக்கு: அ + ஆ × (90 − அ) ÷ 90. காது 80, கண் 40 என்றால் 80 + (40 × 10 ÷ 90), அதாவது சுமார் 84. எண்ணிக்கை பெரிதாக ஏறாது. அதைப் பார்த்து மனம் தளர வேண்டாம், நமக்குத் தேவை வகை மாறுவது.

நிதிக்கு வருகிறேன். முதல் வாசல், மாற்றுத்திறனாளிகளுக்கு உதவிக் கருவிகள் தரும் மத்திய அரசின் அடிப் (ADIP) திட்டம், 1981 முதல் நடப்பது. குறைந்தது 40% குறைபாடு வேண்டும். மாத வருமானம் 22,500 ரூபாய் வரை முழுத்தொகை, 22,501 முதல் 30,000 வரை பாதி. தாசில்தார் சான்றில் ஆண்டு வருமானம்தான் இருக்கும், ஆகவே 2,70,000க்குள் இருக்கிறதா என்று பாருங்கள். உங்கள் கணக்குப்படி 1,44,000 வரும், தாராளமாக உள்ளே.

"போன வருஷம் காது மிஷின் வாங்கிவிட்டீர்கள், மூன்று ஆண்டு ஆகாது" என்று சொல்லித் திருப்பி அனுப்பினால் விடாதீர்கள். அதே நோக்கத்துக்கான உதவியை மூன்று ஆண்டுக்குள் பெற்றிருக்கக் கூடாது என்பதே விதி. காது மிஷின் வேறு நோக்கம், பிரெய்ல் கருவி வேறு நோக்கம். மனுவில் இதை ஒரு வரியாக முன்கூட்டியே எழுதிவிடுங்கள்.

பாகூர் ஏரிக்கரை:
இதைப் படிக்கும் எல்லைக்காரர்களுக்காக ஒன்று. கன்னியக்கோவில் புதுச்சேரி, ரெட்டிச்சாவடி கடலூர் மாவட்டம். நடுவில் நடந்தே போகலாம், ஆனால் மாநிலத் திட்டங்கள் வேறு வேறு. குடும்ப அட்டையின் முகவரிதான் முடிவு செய்யும். புதுச்சேரி முகவரி என்றால் சமூக நலத்துறை, கடலூர் முகவரி என்றால் மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகம். அடிப் மத்தியத் திட்டம் என்பதால் இரு பக்கமும் பொது. ஆதார் ஒரு பக்கமும் குடும்ப அட்டை மறு பக்கமும் இருந்தால் முதலில் அதைச் சரிசெய்யுங்கள், இல்லாவிட்டால் இரண்டு அலுவலகமும் கைகாட்டிக்கொண்டே இருக்கும்.

சான்றிதழுக்கு அந்தக் கட்டுப்பாடு அவ்வளவு இல்லை. ஒருவர் சிகிச்சை பெற்று வரும் அரசு மருத்துவமனையிலும் கேட்கலாம் என்று 2017 விதிகளிலேயே உண்டு. கடலூர்காரர் ஜிப்மரில் பார்த்து வந்தால் அங்கேயே கேட்கலாம், புறநோயாளிச் சீட்டு பழையதுவரை எல்லாம் எடுத்துப் போங்கள். பெரிமெட்ரியைத் தவளக்குப்பம் அரவிந்த் கண் மருத்துவமனையில் எடுத்தாலும் சரி, அந்தத் தாளை வைத்துச் சான்று எழுதுவது அரசு மருத்துவக் குழுதான்.

கெடிலக்கரை டீச்சர்:
மிக்க நன்றி. பெரிமெட்ரி விஷயம் யாருமே சொல்லாதது. கருவிகளில் எதை முதலில் கேட்பது? அவருக்குப் பிரெய்ல் இன்னும் தெரியாது.

புள்ளியெழுத்து:
அப்படியானால் டிஸ்ப்ளேயை இன்று கேட்காதீர்கள் டீச்சர். பிரெய்ல் தெரியாதவர் கையில் கொடுத்தால் அது பீரோவுக்குப் போகும், மூன்றாண்டுக் கணக்கும் அன்றே தொடங்கிவிடும். முதலில் பிரெய்ல் பலகையும் எழுத்தாணியும் கேளுங்கள். பார்வை மிச்சமிருக்கும் இப்போதே விரல் பழக வேண்டும். முழுதும் போனபின் தொடங்கினால், சைகையைக் கண்ணால் பார்க்கவும் முடியாது, விரலும் பழகியிருக்காது. நடுவில் பாடம் சொல்லித்தரவே வழி இருக்காது.

பயிற்சிக்கு முட்டுக்காடு நிப்மெட். பல்வகை மாற்றுத்திறனாளிகளுக்கான தேசிய நிறுவனம் அது, 2005ல் தொடங்கியது. காதும் கண்ணும் சேர்ந்து பாதித்தவர்களுக்குக் கற்பிக்க ஆசிரியர்களையே தனிப் பட்டயப் படிப்பில் உருவாக்குகிறார்கள். புதுச்சேரியிலிருந்து ஈ.சி.ஆர். வழியாகச் சென்னை போகும் பேருந்து அந்த வழியாகத்தான் போகும். அங்கே மதிப்பீடு செய்து, இவருக்கு இன்ன கருவி, இன்ன காரணத்தால் தேவை என்று எழுத்தில் வாங்குங்கள். விலை கூடிய கருவி கேட்கும்போது அந்தக் கடிதம்தான் கோப்பை நகர்த்தும்.

இப்போதைக்குப் பயன்படுவது போன்தான். வேலை செய்பவர்களுக்கும் கல்லூரி மாணவர்களுக்கும் தமிழக அரசு தரும் ஸ்மார்ட்போன் திட்டத்தை மாவட்ட அலுவலகத்தில் விசாரியுங்கள். எங்கிருந்து வாங்கினாலும் ஆண்ட்ராய்டு 13 அல்லது அதற்கு மேல் இருக்கட்டும். அதிலிருந்துதான், போனின் திரைவாசிப்புச் செயலியான டாக்பேக் உள்ளேயே பிரெய்ல் டிஸ்ப்ளே வசதி வந்தது. அதற்கு முந்தைய போனுக்குத் தனிச் செயலி தேடி அலைய வேண்டும்.

எழுத்தை மிகப் பெரிதாக்கிக் கொடுக்காதீர்கள். குறைபார்வை என்றதும் எல்லோரும் முதலில் செய்வது இதுதான். குழாய் வழியே பார்ப்பது போன்ற பார்வையில், எழுத்து பெரிதானால் ஒரு நேரத்தில் இரண்டு எழுத்துதான் பரப்புக்குள் விழும், சொல்லைச் சேர்க்கவே முடியாது. நடுத்தர அளவு, தடித்த எழுத்து, கறுப்புப் பின்னணியில் வெள்ளை. அவரையே ஒவ்வோர் அளவாக மாற்றிப் பார்க்கச் சொல்லி, எதில் வேகமாகப் படிக்கிறாரோ அதில் நிறுத்துங்கள்.

லைவ் டிரான்ஸ்கிரைப் செயலியில் தமிழ் உண்டு. அம்மா பேசினால் மகள் திரையில் வாசிக்கலாம். போனைப் பேசுபவரின் வாயிலிருந்து ஒரு முழத்துக்குள் வைக்க வேண்டும், மின்விசிறி நேரே அடித்தால் தப்பும் தவறுமாக வரும். நாளைக்கு டிஸ்ப்ளே வந்தபின் இதே எழுத்து விரலுக்குப் போகும், அதனால் இந்தப் பழக்கம் வீணாகாது.

அழைப்பு, அலாரத்துக்குப் பலர் போனின் ஃபிளாஷை எரிய விடுகிறார்கள். பார்வைப் பரப்புக்கு வெளியே எரிந்தால் அவருக்குத் தெரியவே தெரியாது. அதிரும் கைக்கடிகாரம்தான் சரி. தூங்கும்போது தலையணைக்கடியில் வைக்கும் அதிர்வான் இன்னும் நல்லது.

டிஸ்ப்ளே கேட்கும் நாள் வரும்போது 20 செல் (ஒரு செல் என்பது ஒரு பிரெய்ல் குறிக்கான புள்ளிக் கட்டம்) கருவி போதும், ஆனால் அதில் எவ்வளவு அடங்கும் என்று தெரிந்து கேளுங்கள். தமிழ் பிரெய்லில் உயிர்க்குறிக்கு ஒரு செல், மெய்யின் புள்ளிக்கு ஒரு செல் தனியாகப் போகும். வணக்கம் என்ற சொல்லுக்கே 7 செல். ஆக ஒரு வரிக்கு இரண்டு, மூன்று சொல்தான். கணினியில் என்.வி.டி.ஏ. என்ற திரைவாசிப்பு மென்பொருள் இலவசம், அதில் வெளியீட்டு அட்டவணையைத் தமிழுக்கு மாற்ற வேண்டும். மாற்றாவிட்டால் எழுத்துக்குப் பதில் எண்குறிகளாக ஓடும், கருவி கெட்டுவிட்டது என்று திருப்பி அனுப்புவார்கள். போனிலும் டாக்பேக்கின் பிரெய்ல் மொழிப் பட்டியலில் தமிழ் இருக்கிறதா என்று, வாங்கும் முன் அந்தப் போனிலேயே பாருங்கள். டாக்பேக்கை முதலில் இயக்கவும் ப்ளூடூத்தில் இணைக்கவும் கண் தெரிந்த ஒருவர் பக்கத்தில் வேண்டும்.

மஞ்சக்குப்பம்:
அமெரிக்க நிதி பற்றிக் கேட்டீர்கள். 2010ல் அவர்கள் போட்ட தொலைத்தொடர்புச் சட்டத்தின் கீழ் வருவது, ஐ-கேன்-கனெக்ட் என்று பெயர். ஆண்டுக்கு ஒரு கோடி டாலர் வரை, அரசின் பொதுக் கருவூலத்திலிருந்து அல்ல, தொலைத்தொடர்பு நிறுவனங்கள் கட்டும் நிதியிலிருந்து எடுக்கிறார்கள். வருமானம் அங்குள்ள வறுமைக்கோட்டு அளவின் 400% வரை இருக்கலாம். அந்நாட்டில் வசிப்பவர்களுக்கு மட்டுமே. நாம் கவனிக்க வேண்டியது, கருவியின் விலையோடு மதிப்பீடு, பொருத்துதல், பயிற்சி எல்லாவற்றுக்கும் அதே நிதி கொடுக்கிறது என்பதை. நம் ஊரில் இவர்களுக்கென்று அப்படித் தனி நிதி இல்லை. அடிப்பில் பொருள் கிடைக்கும், கற்றுத்தர ஆள் கிடைப்பதில்லை. பெரிய குறை அதுதான். இதை மாற்றச் சொல்லி நாம் எல்லோரும் எழுதிக்கொண்டே இருக்க வேண்டும்.

ஆகவே மனுவில் கருவியோடு, பயிற்சிக்கும் முட்டுக்காடு போய்வரத் துணையாளுக்கும் உதவி வேண்டும் என்று தனிப் பத்தியாகக் கேளுங்கள். திங்கட்கிழமை குறைதீர் கூட்டத்தில் ஆட்சியரிடம் கொடுத்து ரசீது எண் வாங்குங்கள். டிஸ்ப்ளேயின் விலை அடிப் தரும் தொகையின் வரம்புக்குள் முழுதாக அடங்காமல் போகலாம். மீதியை நாடாளுமன்ற உறுப்பினர் தொகுதி நிதியிலோ, நெய்வேலி என்.எல்.சி. போன்ற பொதுத்துறை நிறுவனத்தின் சமூகப் பொறுப்பு நிதியிலோ கேட்கலாம். அவர்கள் தனிநபர் கையில் பணமாகத் தர மாட்டார்கள், மாவட்ட அலுவலகத்தின் வழியாகவே போக வேண்டும். நிப்மெட் கடிதம், விலைப்புள்ளி, புது அட்டை மூன்றும் ஒரே கோப்பில் இருக்கட்டும்.

கெடிலக்கரை டீச்சர்:
விலைப்புள்ளி வாங்கும்போது கடைக்காரரிடம் எதைக் கேட்டு எழுதி வாங்க வேண்டும்?

புள்ளியெழுத்து:
செல் எண்ணிக்கை, 8 புள்ளி, ப்ளூடூத்தும் யு.எஸ்.பி.யும் இரண்டும், உத்தரவாதக் காலம். அதைவிட முக்கியம், பழுதானால் எந்த ஊருக்கு அனுப்புவது, கூரியர் செலவு யாருடையது, திரும்பி வரும்வரை மாற்றுக் கருவி தருவார்களா என்பது. கடலோரத்தில் உப்புக்காற்றும் விரல் எண்ணெயும் சேர்ந்து புள்ளிகள் மேலே வராமல் சிக்கும், உள்ளூரில் திறந்து பார்க்க ஆள் இல்லை. மூடியோடு கூடிய உறையையும் அதே விலைப்புள்ளியில் சேர்த்துவிடுங்கள், பின்னால் தனியாகக் கேட்டால் நிதி வராது. உறைக்குள் சிலிக்கா ஜெல் பொட்டலம் ஒன்று போட்டு, படிக்கும் முன் கையைக் கழுவி நன்றாகத் துடைத்துவிட்டுத் தொடும் பழக்கத்தைப் பலகை, எழுத்தாணிப் பாடத்திலேயே தொடங்கிவிடுங்கள்.