பொருளியலும் தொல்லியலும் ஒரே பட்டமாப் படிச்சாத்தான் முசிறி புரியுமாம்!

ஓட்டாஞ்சில்லு: பக்கத்து இழையில வட்டிக்கணக்கு சார் அருளியது: "பொருளியலையும் தொல்லியலையும் சேர்த்து ஒரே பட்டமாப் படிக்காதவங்க கேரளக் கரையில இருந்த பழைய சேரர் துறைமுகமான முசிறியோட வணிகத்தைப் பத்திப் பேசக்கூடாது." வெயில்ல அகழாய்வுக் குழிக்குள்ள உட்கார்ந்திருக்கிற எங்களுக்கெல்லாம் வாய்ப்பூட்டு. சரி, உங்க பொருளியலை வச்சு ஒண்ணே ஒண்ணு சொல்லுங்க. வருஷத்துக்கு 5 கோடி செஸ்டர்ஸுக்கு (ரோமானியக் காசு) குறையாம ரோமாபுரிப் பணத்தை இந்தியா உறிஞ்சுதுன்னு ரோமானிய எழுத்தாளர் பிளினி புலம்புறாரே, அது நிஜக் கணக்கா?

வட்டிக்கணக்கு: பேசக்கூடாதுன்னு எங்கே சொன்னேன்? பேசினா சிரிப்பு வருதுன்னேன். வியன்னாவில இருக்கிற முசிறி பாப்பிரஸை, அதாவது நாணல் தாள்ல எழுதின பழைய வணிக ஆவணத்தை எடுங்க. 2ஆம் நூற்றாண்டு. ஹெர்மபொல்லோன்னு ஒரே ஒரு கப்பல், அதுல இந்தியாவிலேர்ந்து எகிப்துக்கு வந்த சரக்கோட மதிப்பு சுமார் 70 லட்சம் செஸ்டர்ஸ். எகிப்தோட செங்கடல் துறைமுகமான மியோஸ் ஹோர்மோஸ்லேர்ந்து இந்தியாவுக்கு வருஷத்துக்கு 120 கப்பல் போனதா கிரேக்கப் புவியியலாளர் ஸ்ட்ராபோ சொல்றார். பெருக்குங்க. 84 கோடி! உங்க 5 கோடி எங்கே நிக்குது? இதுக்குத்தான் ரெண்டும் படிக்கணும்.

ஓட்டாஞ்சில்லு: பெருக்கல் வாய்ப்பாட்டுக்குப் பேரு பொருளியலா? ஸ்ட்ராபோ சொல்றது ரோமானியப் பேரரசர் அகஸ்டஸ் காலம். பாப்பிரஸ் ஒன்றரை நூற்றாண்டுக்கு மேல பிந்தினது. தாத்தா காலத்துல ஓடின பஸ்ஸை எண்ணி இன்னைய டிக்கெட் விலையால பெருக்குறீங்க.

கொற்கைமுத்து: பிளினி அதே இடத்துல, சரக்கு ரோமாபுரியில நூறு மடங்கு விலைக்கு விக்குதுன்னும் எழுதியிருக்கார். 5 கோடி இங்கே கொடுத்த காசு, 70 லட்சம் எகிப்துல போட்ட மதிப்பு. ரெண்டையும் ஒப்பிடவே கூடாது.

வட்டிக்கணக்கு: அதான் நானும் சொல்றேன். 5 கோடி தப்பு.

கொற்கைமுத்து: நான் தப்புன்னு சொல்லவே இல்லையே!

வட்டிக்கணக்கு: 84 கோடி. வெள்ளி உருக்கும்போது காத்துல கலந்து போய் கிரீன்லாந்துப் பனியில படிஞ்ச ஈயத்தை அளந்து, ரோமானியர் வெள்ளி உருக்கினது எப்போ கூடுச்சு, எப்போ படுத்துச்சுன்னு 2018-ல கட்டுரை போட்டாங்க. பானை ஓடு கழுவினா அது வருமா?

ஓட்டாஞ்சில்லு: அதைச் செஞ்சது பனியை ஆராயறவங்களும் தொல்லியல் ஆளுங்களும் சேர்ந்த குழு சார். அவங்கவங்க வேலையை அவங்கவங்க பார்த்தாங்க. எகிப்தோட பழைய துறைமுகமான பெரெனிகேல ஒரு ஜாடி நிறைய ஏழரை கிலோ மிளகு கிடைச்சுதே, அதைத் தோண்டி எடுத்தது கரணையும் பிரஷும். டிமாண்ட் கர்வ் இல்லை.

சேரநாடன்: ஆளாளுக்கு முசிறி முசிறின்னு அடிச்சுக்கறீங்க. கேரளாவில பட்டணம்ங்கிற ஊர்ல 2007-லேர்ந்து தோண்டியும் அதுதான் முசிறின்னு எல்லாரும் ஒத்துக்கலை.

ஓட்டாஞ்சில்லு: வந்துட்டாருய்யா. கீழடி இழையை இழுத்து மூட வச்ச புண்ணியவான் நீங்கதானே?

சேரநாடன்: மூடினது நீங்க கெட்ட வார்த்தை போட்டதால.

நாலாம்செமஸ்டர்: அண்ணே, நான் பி.ஏ. பொருளியல். ஒரே நேரத்துல ரெண்டு பட்டம் படிக்கலாம்னு யுஜிசி 2022-ல சொல்லிடுச்சு. தொல்லியலும் சேர்த்துப் போடவா வேணாமா?

வட்டிக்கணக்கு: தம்பி, அது ரெண்டு பட்டம். நான் சொல்றது ஒரே பட்டம். முதல்ல 120-ஐ 70 லட்சத்தால பெருக்கு.

ஓட்டாஞ்சில்லு: பெருக்காதே தம்பி.

நாலாம்செமஸ்டர்: வேலை கிடைக்குமான்னுதாண்ணே கேட்டேன்...

வட்டிக்கணக்கு: பார்த்தீங்களா, 84 கோடிக்கு இதுவரைக்கும் ஒருத்தர்கூட பதில் எண் போடலை. சும்மா வாயிலேயே வடை சுடறீங்க.

கொற்கைமுத்து: நூறு மடங்குன்னு போட்டேனே, அது எண் இல்லையா?

சேரநாடன்: கெட்ட வார்த்தை போட்டதுக்கு ஸ்க்ரீன்ஷாட் இருக்கு. போடவா?