கார் பூட் சந்தையில் என்ன விலை வைப்பது?

வணக்கம். லண்டன் ஹாரோவிலிருந்து சிறிய வீட்டுக்கு மாறுகிறோம். அதனால் வரும் ஞாயிற்றுக்கிழமை முதன்முறையாகக் கார் பூட் சந்தையில், அதாவது கார் டிக்கியில் வைத்தே பழைய பொருட்களை விற்கும் சந்தையில், விற்கப் போகிறோம். அனுபவமுள்ள அக்காமார், அண்ணாமார் வழிகாட்ட வேண்டும்.

குழந்தை உடைகள், புத்தகங்களுக்கு 50 பென்ஸ், 1 பவுண்ட் என்று வைத்துவிடலாம். அம்மாவின் தையல் இயந்திரம்தான் யோசிக்க வைக்கிறது. கையால் சுற்றும் பழைய சிங்கர், மரப்பெட்டியோடு இருக்கிறது. இன்றும் நன்றாகத் தைக்கிறது. 40 பவுண்ட் கேட்டால் அதிகமா? விடியற்காலையில் டிக்கியைத் திறந்ததுமே வியாபாரிகள் டார்ச் விளக்கோடு வந்து மொய்த்துவிடுவார்கள் என்கிறார்கள். அலங்காரப் பொருளாக மறுவிற்பனை செய்பவருக்கு அதைக் கொடுக்க எனக்கு மனமில்லை. தைக்கிறவர் கைக்கே போகவேண்டும். அப்படிப்பட்டவர்கள் எத்தனை மணிக்கு வருவார்கள்? அதுவரை காருக்குள்ளேயே வைத்திருக்கட்டுமா?

எங்கள் சோபாவில் தீப்பாதுகாப்பு லேபிள் இல்லை. அப்படிப்பட்டதை நன்கொடைப் பொருட்களை விற்கும் அறக்கட்டளைக் கடைகளே எடுப்பதில்லை, அதனால் அதை விற்கக் கொண்டுவரவில்லை.

எவர்சில்வர் குடங்கள், இட்லிப் பாத்திரம் எல்லாம் புதிது போலவே இருக்கின்றன. இவற்றை அங்கே வாங்குவார்களா? தனித்தனியாக விற்பதா, மொத்தமாகவா? நம் ஊர்க்காரர் யாருக்காவது தேவையென்றால் இலவசமாகவே தருகிறேன். சில்லறை எவ்வளவு கொண்டுபோக வேண்டும் என்பதையும் சொல்லுங்கள்.