பத்தாயிரம் டாலரில் பட்டமாம்! யார் காதில் பூ?

சாரதி_சான்ஹோசே:
நேற்று இங்கே ஒருவர், தன் அக்கா மகள் மாணவர் கட்டுரை போட்டியில் இரண்டாம் பரிசு வாங்கியதாகச் சொல்லி அந்தக் கட்டுரையைப் போட்டிருந்தார். தலைப்பு, 'கம்யூனிட்டி காலேஜிலேயே இளங்கலைப் பட்டம்'. கம்யூனிட்டி காலேஜ் என்றால் வழக்கமாக இரண்டு வருடப் படிப்பு மட்டும் தரும் உள்ளூர் அரசுக் கல்லூரி. பாப்பாவுக்கு வாழ்த்துகள். ஆனால் முதல் வரியே "கலிஃபோர்னியாவில் பத்தாயிரம் டாலரில் பி.எஸ். முடிக்கலாம்" என்கிறது. பி.எஸ். என்றால் நம் ஊர் பி.எஸ்ஸி. இந்த ஊரில் என் மூன்று மாத வாடகை அது!

மில்பிடாஸ்_மாமா:
போட்டது நான்தான். என்ன "ஒருவர்"? போன பொங்கலுக்கு என் பக்கத்து இலையில் உட்கார்ந்து சாப்பிட்டவருக்குப் பெயர் மறந்துவிட்டதா? கணக்கு இதோ. படிப்பை யூனிட்டாக அளந்துதான் கட்டணம் வாங்குவார்கள். முதல் இரண்டு வருடத்து 60 யூனிட்டுக்குத் தலா 46 டாலர். அடுத்த இரண்டு வருடத்து மேல்நிலை 60 யூனிட்டுக்கு அதோடு 84 சேர்த்துத் தலா 130. மொத்தம் 10,560. கல்விக் கட்டணம் என்றுதான் பெண் எழுதியிருக்கிறாள். வாடகை என்று எங்கே எழுதினாள்?

சாரதி_சான்ஹோசே:
ஆக, பத்தாயிரம் இல்லை. 560 எங்கே போனது?

கடலூரான்:
"கட்டுரை போட்டி" அல்ல, "கட்டுரைப் போட்டி". ப் வரும்.

சாரதி_சான்ஹோசே:
வந்துவிட்டார் ஒற்றுப் போலீஸ். ஐயா, நான் டாலரைக் கேட்கிறேன், ப்பைக் கேட்கவில்லை.

நித்யா_சன்னிவேல்:
என் பல்லைச் சுத்தம் செய்யும் பெண் ஃபூட்ஹில் காலேஜில் டென்டல் ஹைஜீன் பி.எஸ். முடித்தவர். வாய்க்குள் கொக்கியை விட்டுக்கொண்டே கதை முழுக்கச் சொன்னார், நான் தலையை மட்டும் ஆட்டினேன். படிப்பை முடித்த கையோடு வேலையாம். அதைப் பேசுங்களேன்.

சாரதி_சான்ஹோசே:
பல், சரி. சைப்ரஸ் காலேஜில் சவ அடக்கத் தொழிலுக்குக்கூட பி.எஸ். இருக்கிறது. கம்ப்யூட்டர் சயின்ஸ் கொடுப்பார்களா? மாட்டார்கள். இதற்குப் பெயர் பட்டமா?

மில்பிடாஸ்_மாமா:
கொடுக்கக் கூடாது என்று சட்டமே இருக்கிறது சார். அரசுப் பல்கலைக்கழகங்களில் ஏற்கெனவே இருக்கும் படிப்பை இவர்கள் மறுபடி தொடங்க முடியாது. 2014இல் 15 கல்லூரிகளுக்கு மட்டும் சோதனையாக அனுமதித்தார்கள். 2021இல் ஏபி 927 என்ற சட்டம் வந்துதான் நிரந்தரமானது. நர்சிங் பட்டமும் தர அனுமதி கேட்ட மசோதாக்களை 2024இல் ஆளுநர் நியூசம் நிராகரித்தார். இத்தனையும் கட்டுரையின் இரண்டாம் பக்கத்தில் இருக்கிறது. நீங்கள்தான் முதல் வரியைத் தாண்டவே இல்லையே.

டாம்பா_தங்கராசு:
எங்கள் ஃப்ளோரிடாவில் இது 2001லேயே வந்துவிட்டது. செயின்ட் பீட்டர்ஸ்பர்க் காலேஜ். கலிஃபோர்னியாக்காரர்களுக்குத் தாங்கள் செய்தால்தான் அது புதுசு.

நித்யா_சன்னிவேல்:
அண்ணா, உங்களை யார் கேட்டார்கள்? போய்ப் புயலுக்குப் பலகை அடியுங்கள்.

டாம்பா_தங்கராசு:
காட்டுத்தீப் புகையில் இருப்பவர்கள் புயலைப் பற்றிப் பேசுகிறார்கள்!

குமார்_எஃப்ஒன்:
நான் மாணவர் விசாவில் இருக்கிறேன். எனக்கு இந்த 46 டாலரோடு முடியாது. வெளிநாட்டு மாணவருக்கு அதைப்போலப் பல மடங்கு. அதையும் கட்டுரையில் சொல்லியிருக்கலாம்.

சாரதி_சான்ஹோசே:
கேட்டீர்களா? தம்பிக்குப் பத்தாயிரம் இல்லை. எனக்கும் இல்லை. அப்புறம் யாருக்குத்தான் பத்தாயிரம்? புத்தகம் சும்மா வருமா? பார்க்கிங்? நடுவராக உட்கார்ந்தவர்களுக்குக் கூட்டல் தெரியுமா? நான் நடுவராக இருந்தால் அந்த முதல் வரிக்கே மதிப்பெண் குறைத்திருப்பேன்.

கடலூரான்:
உங்கள் முதல் வரியிலேயே ஒரு ப் குறைகிறது.

மில்பிடாஸ்_மாமா:
பத்தொன்பது வயதுப் பெண் எழுதியதை வைத்து இவ்வளவு கத்துகிறீர்கள். உங்கள் பையனும் அதே போட்டிக்குத்தானே எழுதினான்? அதைச் சொல்லவே இல்லையே.

சாரதி_சான்ஹோசே:
என் பையனை இழுக்காதீர்கள். அவன் 10,560 என்று சரியாக எழுதியிருந்தான்.

நித்யா_சன்னிவேல்:
ஓஹோ!

மில்பிடாஸ்_மாமா:
அந்த 560ஐ நானே அனுப்புகிறேன். முதலில் பொங்கல் ஹால் வாடகையில் உங்கள் பங்கு நாற்பது டாலரைக் கொடுங்கள். ஜனவரியிலிருந்து கேட்கிறேன்.

சாரதி_சான்ஹோசே:
பேச்சை மாற்றாதீர்கள். 560.