சரத்தைப் பிரிக்கப் போய் மூலத்தையே வெட்டிய அனுபவம் உண்டா?

கடலோரம்:
லினக்ஸில் சொந்தமாக ஒரு சிறு ஷெல்லை, அதாவது தட்டும் கட்டளைகளை வாங்கி இயக்கும் நிரலை, சி மொழியில் எழுதுவது எங்கள் ஆய்வக வேலை. கட்டளையைத் தட்டினால், பாத் சூழல் மாறியில் உள்ள அடைவுகளில் ஒவ்வொன்றாகத் தேடிக் கண்டுபிடித்து இயக்க வேண்டும். அடைவுகளுக்கு இடையே முக்காற்புள்ளி இருக்கும். சூழல் மாறியின் மதிப்பைத் தரும் கெட்என்வ் கொடுத்த சரத்தை (எழுத்துத் தொடரை), பிரிப்புக்குறி பார்த்துத் துண்டாக்கும் ஸ்டர்டோக் என்ற சி செயற்கூறிடம் அப்படியே ஒப்படைத்தேன்.

முதல் கட்டளை ஓடியது. இரண்டாம் முறை அதே கட்டளையைத் தட்டினால், அப்படி ஒன்று இல்லை என்றது. இரண்டு இரவுகள் தேடல் பகுதியையே திருப்பித் திருப்பிப் படித்தேன்; பிழை அங்கே இல்லை. கடைசியில் பிரிப்பதற்கு முன்னும் பின்னும் பாத்தை அச்சிட்டுப் பார்த்தேன். முன்னால் ஆறு அடைவுகள், பின்னால் ஒன்றே ஒன்று. ஸ்டர்டோக் துண்டுகளை நகலெடுத்துத் தருவதில்லை. பிரிப்புக்குறி இருந்த இடத்தில் பூஜ்ய பைட்டை எழுதிவிட்டு, அதே சரத்துக்குள் ஓர் இடத்தைக் காட்டும் சுட்டியைத் (பாயிண்டர்) தருகிறது. கெட்என்வ் தந்ததோ நிரலின் சூழலுக்குள்ளேயே இருக்கும் சரம். என் ஷெல் தன் பாத்தைத் தானே வெட்டிக்கொண்டது; அது இயக்கிய நிரல்களுக்கும் வெட்டுப்பட்ட பாத்தே போய்ச் சேர்ந்தது. ஸ்டர்டுப் கொண்டு நகலெடுத்து, நகலைப் பிரித்ததும் சரியானது. உங்களுக்கும் இப்படி நடந்திருந்தால் எழுதுங்கள்.

புதியவள்:
எனக்கு நடந்தது சிறியது. சுட்டியை அறிவித்து, மேற்கோளுக்குள் எழுதிய சரத்தை அதற்குக் கொடுத்து, ஸ்டர்டோக்கை அழைத்தேன். உடனே செக்மென்டேஷன் பிழை. மேற்கோள் சரத்தைப் பெரும்பாலும் எழுத முடியாத நினைவகப் பகுதியில் வைப்பார்கள் என்பது எனக்குத் தெரியாது. சுட்டிக்குப் பதில் எழுதக்கூடிய அணியாக (அரே) அறிவித்தேன், ஓடியது. ஏன் ஓடியது என்பது இப்போது கடலோரம் எழுதியதைப் படித்த பிறகுதான் முழுதாகப் புரிகிறது. நன்றி.

மாலைநேரம்:
என் அனுபவத்தில் பிழைச் செய்தியே வரவில்லை, அதனால்தான் அதை மறக்க முடியவில்லை. லினக்ஸ் சர்வரில் பயனர் விவரங்கள் இருக்கும் பாஸ்வ்டு கோப்பு பலருக்கும் தெரியும்: ஒரு வரிக்கு ஏழு புலங்கள், நடுவே ஆறு முக்காற்புள்ளிகள். ஐந்தாவது புலம் முழுப்பெயர் போன்ற குறிப்புக்கு. அது காலியாக இருக்கலாம். அப்போது இரண்டு முக்காற்புள்ளிகள் ஒட்டி நிற்கும். அடுத்தடுத்து வரும் பிரிப்புக்குறிகளை ஸ்டர்டோக் ஒன்றாகவே எண்ணித் தாண்டிவிடும். என் அறிக்கையில் சிலருக்கு வீட்டு அடைவு பெயரின் இடத்திலும், ஷெல் வீட்டு அடைவின் இடத்திலும் வந்து உட்கார்ந்தன. பெயர் எழுதியிருந்த பயனர்களை வைத்து மட்டும் சோதித்திருந்தேன். அந்த அறிக்கையை வேறொருவர் நம்பி வேலை செய்துவிட்டார் என்பது இன்றும் உறுத்துகிறது.

காலிப் புலமும் வேண்டுமென்றால் ஸ்டர்செப் இருக்கிறது. யூனிக்ஸ் வகை இயங்குதளமான 4.4 பிஎஸ்டியில் வந்தது, காலிப் புலத்தைக் காலிச் சரமாகவே தரும். ஆனால் சி மொழித் தரத்தில் அது இல்லை. இந்தக் கோப்புக்கு மட்டும் என்றால் இரண்டுமே தேவையில்லை. வரிவரியாகப் படித்துப் பிரித்துத் தரும் கெட்பிடபிள்யூஎன்ட் நூலகத்திலேயே இருக்கிறது. அதைத்தான் முதலில் தேடியிருக்க வேண்டும்.

வகுப்பறை:
மாணவர்களிடம் நான் அடிக்கடி காண்பது சுற்றுக்குள் சுற்று. அரைப்புள்ளியால் மாணவர்களைப் பிரித்து, உள்ளே காற்புள்ளியால் மதிப்பெண்களைப் பிரிப்பார்கள். முதல் மாணவரோடு நிரல் நின்றுவிடும். எங்கே விட்டோம் என்பதை ஸ்டர்டோக் தனக்குள் ஒரே ஓர் இடத்தில்தான் நினைவு வைக்கிறது. உள்சுற்று அதை மாற்றி எழுதிவிட, வெளிச்சுற்றுக்கு மிச்சம் எதுவும் இல்லை. அந்த நினைவை நம் கையிலேயே கொடுப்பது, யூனிக்ஸ் வகை இயங்குதளங்களுக்கான தரமான போசிக்ஸின் ஸ்டர்டோக்_ஆர். விண்டோஸில் ஸ்டர்டோக்_எஸ் என்று தேடுங்கள். ஆனால் மைக்ரோசாஃப்ட்டின் வடிவத்துக்கு மூன்று உள்ளீடுகள், 2011 சி தரத்தின் பிற்சேர்க்கையில் அதே பெயருக்கு நான்கு. பெயரை நம்பி ஓரிடத்தில் எழுதியதை இன்னோரிடத்துக்கு எடுத்துப் போகாதீர்கள்.

நெல்வயல்:
நான் தமிழில் எழுதிய விலைப்பட்டியலைப் பிரித்தேன். வரி இப்படி இருந்தது: பொன்னி அரிசி ௹ 62. பிரிப்புக்குறியாக ௹ என்ற தமிழ் ரூபாய்க் குறியைக் கொடுத்தேன். திரையில் ஓர் எழுத்துகூடத் தேறவில்லை, வெறும் கேள்விக்குறிக் கட்டங்கள்.

ஸ்டர்டோக்கின் இரண்டாம் உள்ளீடு ஒரு முழுக் குறி அன்று, பைட்டுகளின் தொகுப்பு. அவற்றில் எது வந்தாலும் வெட்டும். எழுத்துகளைப் பைட்டுகளாகச் சேமிக்கும் யூடிஎஃப்-8 முறையில் ௹ என்பது 224, 175, 185 என்ற மூன்று பைட்டுகள். தமிழ் எழுத்து ஒவ்வொன்றும் தொடங்குவதே 224-இல்தான். ப என்பது 224, 174, 170. ஆக, ஒவ்வோர் எழுத்தின் தலையும் போய்விட்டது. காற்புள்ளியால் பிரித்தால் இந்த ஆபத்து இல்லை. தமிழ் எழுத்தின் பைட்டுகள் எல்லாமே 127-க்கு மேல், காற்புள்ளி 44. எனக்கு ௹ தான் வேண்டும் என்பதால், மூன்று பைட்டுகளையும் சேர்த்தே தேடும் ஸ்டர்ஸ்டருக்கு மாறினேன். அரிசி அரிசியாகவே வந்தது.

கடலோரம்:
மாலைநேரம் சொன்னதைப் படித்ததும் என் ஷெல்லை மறுபடி திறந்தேன். பாத்தில் இரண்டு முக்காற்புள்ளிகள் ஒட்டி வந்தால், அந்தக் காலி இடம் நடப்பு அடைவைக் குறிக்கும். நான் நகலெடுத்துத் திருத்திய பிறகும் என் நிரல் அதைத் தாண்டித்தான் போயிருக்கிறது. நேற்று ஸ்டர்டோக்கை எடுத்துவிட்டு, அடுத்த முக்காற்புள்ளி எத்தனை பைட் தள்ளி இருக்கிறது என்று மட்டும் சொல்லும் ஸ்டர்சிஸ்பன்னை வைத்து எழுதினேன். நீளம் பூஜ்யம் என்றால் நடப்பு அடைவு. மூலச் சரத்தில் எதையும் எழுதுவதில்லை, அதனால் ஸ்டர்டுப்பையும் நீக்கிவிட்டேன்.